இயற்கையில இருக்கற மூலக்கூறுக்கு பேட்டன்ட்: பொருளுக்கா, முறைக்கா, பயனுக்கா, இல்ல யாருக்குமே வேணாமா?

ஒரு மரப்பட்டையிலயோ, மண்ணுல இருந்த பாக்டீரியாவுலயோ, ஒரு பல்லியோட விஷத்துலயோ நோய்க்கு வேலை செய்யற மூலக்கூறு ஒன்னு கிடைச்சிருக்குன்னு வைங்க. லேப்ல பிரிச்சு எடுத்தாச்சு, அமைப்பு தெரிஞ்சாச்சு, முதல்கட்ட டெஸ்ட்லயும் நல்ல ரிசல்ட். அடுத்து வர்ற கேள்விதான் நிறைய ஆராய்ச்சியாளர்கள தடுமாற வைக்குது, இதை எப்படி பாதுகாக்கறது, பாதுகாக்கலாமா, பாதுகாத்தா அது நியாயமா. முன்னாடி இருக்கற வழிகள் இதுதான்: அந்தப் பொருளையே பேட்டன்ட்ல கேக்கலாம், பொருளை விட்டுட்டு எடுக்கற முறையையோ பயன்படுத்தற விதத்தையோ கேக்கலாம், பொருளை மாத்தி புதுசா ஒன்ன உண்டாக்கி அதுக்கு கேக்கலாம், யாருக்கும் சொல்லாம ரகசியமா வச்சுக்கலாம், இல்ல எல்லாருக்கும் திறந்து விட்டுடலாம். என் முடிவ முன்னாடியே சொல்லிடறேன், பொருளை விட்டுடுங்க, நீங்க செஞ்ச வேலைக்கு மட்டும் கேளுங்க. ஏன் அப்படி சொல்றேன்னுதான் கீழ எழுதியிருக்கேன், எதிர்த்தரப்புலயும் கனமான வாதம் இருக்கு, அதையும் சேர்த்தே எழுதறேன்.

முதல்ல அந்த வாதத்துக்கு உரிய மரியாதை கொடுக்கணும், ஏன்னா பிரிச்சு எடுக்கறது லேசுப்பட்ட வேலை இல்ல. பட்டையை காய வச்சு பொடி பண்ணி ஆல்கஹால்ல ஊற வச்சு வடிகட்டி, ஆல்கஹால ஆவியாக்கினா பிசுபிசுன்னு ஒரு சாறு மிஞ்சும், அதுல எக்கச்சக்கமான பொருள் ஒன்னோட ஒன்னு கலந்து கிடக்கும். அதை சிலிகா நிரப்பின கண்ணாடிக் குழாய்ல ஏத்தி கரைப்பான மாத்தி மாத்தி இறக்கினா ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு வேகத்துல கீழ வரும், அத சின்ன டியூப்கள்ல வரிசையா பிடிச்சு ஒவ்வொன்னையும் செல் மேல போட்டுப் பார்த்து, வேலை செய்யற டியூப்ப மட்டும் எடுத்து மறுபடியும் பிரிக்கணும், இப்படியே பிரிச்சுக்கிட்டே போனாதான் கடைசில ஒரே ஒரு பொருள் நிக்கும். மன்ரோ வால், மன்சுக் வானி ரெண்டு பேரும் பசிபிக் யூ மரத்தோட பட்டையில இப்படித்தான் வேலை பண்ணாங்க. 12 கிலோ காய்ஞ்ச பட்டையில அவங்களுக்கு கிடைச்சது அரை கிராம். அதுதான் பாக்லிடாக்செல், டாக்சால்ங்கற பேர்ல புற்றுநோய்க்கு உலகம் பூரா கொடுத்தாங்களே அந்த மருந்து. இவ்வளவு பாடுபட்டவங்களுக்கு "அது மரத்துலயே இருந்துச்சு, நீ எதையும் உண்டாக்கல"ன்னு ஒரே வரியில பதில் சொல்லிட்டுப் போறது எனக்கு சரியா படல.

இந்த உழைப்பு வாதத்துக்கு சட்டத்துலயும் பழைய ஆதரவு உண்டு. ஜோகிச்சி தகாமினே விலங்குகளோட சுரப்பியிலருந்து அட்ரினலின சுத்தமா பிரிச்சு எடுத்து பேட்டன்ட் வாங்கினாரு. 1911-ல அந்த வழக்கு அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் முன்னாடி வந்தப்ப, சுரப்பியில இருக்கற நிலையில அது மருந்தா உதவல, சுத்தமாக்கின பிறகு வியாபாரத்துக்கும் சிகிச்சைக்கும் அது ஒரு புதுப் பொருளாவே ஆயிடுச்சுங்கற தோரணையில தீர்ப்பு சொல்லி பேட்டன்ட்ட காப்பாத்தினாரு. 1958-ல வைட்டமின் பி12 வழக்குலயும் அதே போக்குதான், மெர்க் கம்பெனியோட பேட்டன்ட் நின்னுச்சு. அந்தக் காலத்துக்கு இதுல ஒரு நியாயம் இருக்கு, சுத்தமாக்கறதே பெரிய சாதனையா இருந்த காலம் அது. இன்னிக்கு பிரிக்கற கருவிகளும் அமைப்ப கண்டுபிடிக்கற கருவிகளும் எத்தனையோ லேப்கள்ல சாதாரணமா இருக்கு. வேலை இன்னும் கஷ்டம்தான், ஆனா பிரிச்சு எடுத்தாங்கற ஒரே காரணத்துக்காக அந்தப் பொருளே 20 வருஷத்துக்கு ஒருத்தருக்குன்னு ஆகறது அந்த உழைப்புக்கு ரொம்ப அதிகமான கூலி.

ஏன் அதிகம்னு சொல்றேன்னா, இதுதான் எனக்கு எல்லாத்தையும் விட கனமா தெரியற விஷயம், மனுஷன் உண்டாக்கின பொருளுக்கு மாத்து உண்டு, இயற்கைப் பொருளுக்கு மாத்து கிடையாது. ஒரு கம்பெனி புது மோட்டாருக்கு பேட்டன்ட் வாங்கினா இன்னொருத்தர் வேற மாதிரி மோட்டார் செய்யலாம், பேட்டன்ட்டே அவங்கள அப்படி தூண்டி விடும், சமூகத்துக்கு ரெண்டு மோட்டார் கிடைக்கும். ஊருக்குப் போற ஒரு பாதைய அடைச்சா வேற பாதை போட்டுக்கலாம், ஊரையே அடைச்சுட்டா என்ன பண்றது? பொருள் மேல எடுக்கற பேட்டன்ட் அப்படித்தான், அந்தப் பொருள எந்த முறையில எடுத்தாலும், எந்த நோய்க்குப் பயன்படுத்தினாலும், நீங்க நினைச்சே பார்க்காத பயன இன்னொருத்தர் நாளைக்கு கண்டுபிடிச்சாலும், எல்லாமே உங்க க்ளெய்முக்குள்ள, அதாவது பேட்டன்ட்ல இது என்னோடதுன்னு எழுதிக் கேக்கற பகுதிக்குள்ள, வந்துடும்.

இது எவ்வளவு தூரம் போகும்னு மிரியட் வழக்குல கண்ணால பார்க்கலாம். மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தோட தொடர்புள்ள பிஆர்சிஏ1 ஜீன் 17-வது குரோமோசோம்ல இருக்குன்னு மேரி கிளேர் கிங் குழு 1990-ல காட்டுச்சு. அதுக்கப்புறம் நடந்த ஓட்டத்துல மிரியட் ஜெனெடிக்ஸ் கம்பெனி முந்திக்கிட்டு அந்த ஜீனோட சரியான வரிசைய கண்டுபிடிச்சு, பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ரெண்டுக்கும் "பிரிச்செடுத்த டிஎன்ஏ"ன்னு க்ளெய்ம் எழுதி பேட்டன்ட் வாங்குச்சு. பிரிச்செடுத்ததுன்னா என்ன? குரோமோசோம்ல அந்த ஜீனுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற பிணைப்ப அறுத்து வெளிய எடுத்தது, அவ்வளவுதான், உள்ள இருக்கற எழுத்து வரிசை ஒன்னு கூட மாறல. இதுல இன்னொரு க்ளெய்ம், அந்த ஜீன்ல குறைஞ்சது 15 எழுத்து உள்ள எந்த துண்டையும் தன்னோடதுன்னு சொல்லுச்சு. 15 எழுத்து துண்டுன்னா மத்த ஜீன்கள்லயும் அதே வரிசை அங்கங்க தென்படும், அப்ப இந்த க்ளெய்ம் எங்க போய் நிக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. மத்த லேப்களுக்கு நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் போச்சு, டெஸ்ட் விலை 3,000 டாலருக்கு மேல இருந்துச்சு. எனக்கு ரொம்ப வலிக்கற விஷயம் விலை கூட இல்ல, மார்பகத்தையும் சினைப்பையையும் எடுக்கலாமான்னு முடிவு பண்ண வேண்டிய ஒரு பெண் வேற லேப்ல ரெண்டாவது தடவை சரிபார்த்துக்க வழி இல்லாம நின்னாங்கங்கறதுதான். அந்த ஜீன் அவங்க உடம்புல பிறந்ததுலருந்து இருக்கு.

2013 ஜூன் 13-ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரல்ல, இயற்கையில இருக்கற டிஎன்ஏவ வெட்டி எடுத்ததால மட்டும் அது கண்டுபிடிப்பு ஆகாதுன்னு சொல்லிடுச்சு. சிடிஎன்ஏ, அதாவது ஜீன்ல இடையில வர்ற, புரதம் செய்யறதுக்கான தகவல் இல்லாத பகுதிகள நீக்கிட்டு லேப்ல உண்டாக்கற வடிவம், அது மட்டும் பேட்டன்ட்டுக்கு தகுதி உள்ளதுன்னாங்க. தீர்ப்பு வந்த அதே நாள்ல வேற லேப்கள் பிஆர்சிஏ டெஸ்ட் அறிவிச்சுட்டாங்க. 1980-ல ஆனந்த மோகன் சக்கரவர்த்தி வழக்குல 5-க்கு 4-ன்னு வந்த தீர்ப்போட இதை சேர்த்து வச்சுப் பார்க்கணும். எண்ணெய சிதைக்கற பாக்டீரியாவ அவர் பிளாஸ்மிட்கள, அதாவது சின்ன டிஎன்ஏ வளையங்கள, சேர்த்து உருவாக்கினாரு, இயற்கையில அப்படி ஒரு பாக்டீரியா கிடையாது, அதனால உயிருள்ளதா இருந்தாலும் பேட்டன்ட் கிடைச்சுது. இந்த ரெண்டு தீர்ப்புக்கும் நடுவுல இருக்கற கோடுதான் சரியான கோடுன்னு நான் நினைக்கறேன், உயிர் இருக்கா இல்லையாங்கறது கேள்வி இல்ல, மனுஷன் கை பட்டு ஏதாவது மாறுச்சாங்கறதுதான் கேள்வி.

ஆனா ஒன்ன மறைக்காம சொல்லணும். ஜீன் பேட்டன்ட்டால ஆராய்ச்சி முடங்கிப் போச்சுன்னு பொதுவா சொல்றாங்களே, அதுக்கு ஆதாரம் நினைக்கற அளவுக்கு பலமா இல்ல. பேவன் சம்பத், ஹெய்டி வில்லியம்ஸ் ரெண்டு பேரும் 2019-ல வெளியிட்ட ஆய்வுல, சராசரியா பார்த்தா மனித ஜீன் பேட்டன்ட்களால அடுத்தகட்ட ஆராய்ச்சி அளக்கற மாதிரி குறையலன்னுதான் வந்துச்சு. அதே வில்லியம்ஸ் 2013-ல செலெரா கம்பெனி தன்னோட ஜீன் தகவல ஒப்பந்தம் போட்டு பூட்டி வச்சிருந்தத ஆராய்ஞ்சப்ப, அந்த ஜீன்கள்ல அடுத்தகட்ட ஆராய்ச்சியும் தயாரிப்பும் 20-லருந்து 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. பேட்டன்ட்ல எல்லாத்தையும் வெளிப்படையா எழுதியாகணும், ஒப்பந்தத்துல அப்படி இல்ல, வித்தியாசம் அங்கதான் இருக்கலாம். அதனால என் எதிர்ப்பு "ஆராய்ச்சி நிக்கும்"ங்கற கணக்கு மேல நிக்கல, மாத்து வழியே இல்லாத ஒன்ன ஒருத்தர் கையில கொடுக்கறது தப்புங்கறது மேலதான் நிக்குது, மிரியட் மாதிரி ஒரே ஒரு வழக்குல அது நடந்தாலும் பாதிக்கப்படறவங்களுக்கு சராசரி எந்த ஆறுதலும் தராது.

சட்டம் எந்த நாட்டுல எப்படி இருக்குன்னு இப்ப பார்த்துடலாம், ஏன்னா முதல் வழிய, அதாவது பொருளுக்கே பேட்டன்ட் கேக்கறத, எடுக்கறவங்களுக்கு அது எங்க பலிக்கும்னு தெரிஞ்சிருக்கணும். உலக வர்த்தக அமைப்போட ட்ரிப்ஸ்ங்கற அறிவுசார் சொத்து ஒப்பந்தம் நுண்ணுயிரிகளுக்கு பேட்டன்ட் கொடுக்கணும்னு சொல்லுது, ஆனா கண்டுபிடிப்புன்னா என்னன்னு வரையறுக்கவே இல்ல, அதனால ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி கோடு போட்டிருக்கு. ஐரோப்பாவுல 1998-ஆம் வருஷத்து 98/44 உத்தரவுப்படி, இயற்கையில ஏற்கனவே இருந்தாலும் அங்கிருந்து பிரிச்செடுத்த உயிரியல் பொருளுக்கு பேட்டன்ட் உண்டு, மனித உடம்புலருந்து எடுத்ததுக்கும் உண்டு, ஜீன் வரிசைன்னா அதோட தொழில் பயன் என்னன்னு விண்ணப்பத்துலயே சொல்லணும். ஜெர்மனி இதுல ஒரு படி மேல போய், மனித ஜீன் வரிசைக்கு கேட்டா எந்தப் பயனுக்குங்கறத க்ளெய்முக்குள்ளயே எழுதணும்னு சட்டத்துல வச்சிடுச்சு, எனக்கு இது ரொம்ப புத்திசாலித்தனமான நடுவழியா தெரியுது. ஆஸ்திரேலியாவுல இவோன் டார்சிங்கற பெண் மிரியட்ட எதிர்த்து கடைசி கோர்ட் வரைக்கும் போய் 2015-ல ஜெயிச்சாங்க, அந்த கோர்ட் ஜீனோட சாரமே அதுல இருக்கற தகவல்தான், அத யாரும் உண்டாக்கலன்னு சொல்லுச்சு. இந்தியாவோட பேட்டன்ட் சட்டம் பிரிவு 3(சி) இயற்கையில இருக்கற உயிருள்ள, உயிரில்லாத எதையும் வெறுமனே கண்டறிஞ்சா அது கண்டுபிடிப்பு இல்லன்னுது. பிரேசில் 1996 சட்டம் இன்னும் கறார், பிரிச்செடுத்தாலும் கிடையாது. ஆக முதல் வழிய எடுத்தா ஐரோப்பாவுல கையில பேட்டன்ட் இருக்கும், மத்த பல பெரிய சந்தைகள்ல வெறுங்கையா நிப்பீங்க, அதுக்கு ஆன செலவும் போச்சு.

ஜீனுக்கு மட்டும்தான் இந்த விதின்னு நினைக்கறவங்க 2023-ல வந்த குரோமடெக்ஸ் வழக்க பார்க்கணும். நிகோட்டினமைட் ரிபோசைடுன்னு ஒரு வைட்டமின் வகை, பால்லயே கொஞ்சமா இருக்கு. அத பிரிச்செடுத்து வாய்வழியா எடுத்துக்கற கலவையா க்ளெய்ம் எழுதியிருந்தாங்க. பேட்டன்ட் மேல்முறையீடுகள விசாரிக்கற அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் கோர்ட், க்ளெய்ம படிச்சுப் பார்த்தா பாலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியல, பிரிச்செடுத்ததுங்கறத தவிரன்னு சொல்லி செல்லாதுன்னுடுச்சு. இதே கோர்ட் 2019-ல பீட்டா அலனின் வழக்குல வேற மாதிரி பேசுச்சு. அதுவும் உடம்புல இயற்கையா இருக்கற அமினோ அமிலம்தான், ஆனா க்ளெய்ம்ல இந்த அளவுல கொடுத்து தசையோட வேலைத்திறன கூட்டற முறைன்னு எழுதியிருந்தாங்க, அது சிகிச்சை முறை மாதிரிதான், தகுதி உண்டுன்னாங்க. ரெண்டுமே இயற்கைப் பொருள், ரெண்டுமே சத்து மாத்திரை சமாச்சாரம், வித்தியாசம் முழுக்க எதைக் கேட்டாங்கங்கறதுலதான்.

சரி, பொருளை விட்டா பணம் வராதே, பணம் வராம யார் மருந்து பரிசோதனைக்கு செலவு பண்ணுவாங்கன்னு ஒரு கேள்வி உடனே வரும். நியாயமான கேள்வி, அதுக்கு பாக்லிடாக்செல் கதையவே முழுசா பார்த்தா பதில் கிடைக்கும், ஒரே மரத்துலருந்து நாம பேசற பாதி வழிகள் முளைச்சிருக்கு. பட்டைய முதல்ல சேகரிச்சது 1962-ல, அமெரிக்க அரசோட புற்றுநோய் ஆராய்ச்சித் திட்டத்துக்காக. வால், வானி 1971-ல அமைப்ப வெளியிட்டாங்க, வெளியான பிறகு மூலக்கூறு மேல யாரும் பேட்டன்ட் கேக்க முடியாது. அது எப்படி செல்லுக்குள்ள வேலை செய்யுதுன்னு 1979-ல சூசன் ஹார்விட்ஸ் காட்டினாங்க. பேட்டன்ட் இல்லன்னு மருந்து நின்னு போகல, பிரிஸ்டல் மையர்ஸ் கம்பெனி பரிசோதனைய முடிச்சு 1992 டிசம்பர்ல அனுமதி வாங்குச்சு. புது மருந்துக்கு சட்டப்படி கிடைக்கற 5 வருஷ தனி உரிமை அவங்களுக்கு போதுமானதா இருந்துச்சு, 2000-ல விற்பனை ஒரு பில்லியன் டாலருக்கு மேல இருந்துச்சு.

இன்னொரு பக்கம், மரம் தீர்ந்துடுமோன்னு பயம், பட்டைய உரிச்சா மரம் செத்துடும், மெதுவா வளர்ற மரம் வேற. ஃபிளோரிடா மாகாணப் பல்கலைக்கழகத்துல ராபர்ட் ஹோல்டன் வேற வகை யூ மரத்தோட இலைல கிடைக்கற ஒரு முன்பொருள எடுத்து அதுலருந்து பாக்லிடாக்செல செய்யற முறைய உருவாக்கினாரு, இலைய பறிச்சா மரம் சாகாது, மறுபடியும் துளிர்க்கும். அந்த முறைக்கு பேட்டன்ட் எடுத்து லைசென்ஸ் கொடுத்து பல்கலைக்கழகத்துக்கு கோடிக்கணக்கான டாலர் ராயல்டி வந்துச்சு. இது முறைக்கான பேட்டன்ட், யாரும் பாக்லிடாக்செல தொடக்கூடாதுன்னு அது சொல்லல, என் வழியில செஞ்சா எனக்கு கொடுன்னு மட்டும்தான் சொல்லுச்சு, வேற வழி தெரிஞ்சவங்க செஞ்சுக்கலாம். பிரான்ஸ்ல பியர் போத்தியே குழு அதே முன்பொருள வச்சு இயற்கையில இல்லாத புது மூலக்கூற உண்டாக்குச்சு, அதுதான் டோசிடாக்செல், அதுக்கு பொருள் மேலயே பேட்டன்ட், அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல, அவங்க செய்யலன்னா அது உலகத்துலயே இருந்திருக்காது. பிறகு பாக்லிடாக்செல ஆல்புமின் புரதத்தோட சேர்த்து நுண்துகளா பண்ணி அப்ராக்சேன்ங்கற பேர்ல 2005-ல ஒரு வடிவம் வந்துச்சு, கரைப்பானால வர்ற ஒவ்வாமைய அது தவிர்த்துச்சு. மூலக்கூறு திறந்து கிடந்ததாலதான் இத்தனை பேர் அது மேல கை வச்சு இத்தனையும் கிடைச்சுதுன்னு நான் நம்பறேன்.

பயனுக்கான பேட்டன்ட்லயும் நல்ல உதாரணம் இருக்கு. கிலா மான்ஸ்டர்ங்கற விஷப் பல்லியோட விஷத்துல எக்சென்டின்-4 ஹார்மோன ஜான் எங் கண்டுபிடிச்சு, அது இன்சுலின் சுரப்ப தூண்டும்னு காட்டி, அந்தப் பயனுக்கு பேட்டன்ட் எடுத்தாரு. அமிலின் கம்பெனி லைசென்ஸ் வாங்குச்சு, அதுவே 2005-ல எக்சினடைட்ங்கற பேர்ல சர்க்கரை நோய்க்கு மருந்தா வந்துச்சு. விஷத்துல இருக்கற பொருளை யார் வேணா ஆராயலாம், சர்க்கரை நோய்க்கு மருந்தா விக்கணும்னாதான் அவர்கிட்ட வரணும்.

ஆனா இந்த வழியிலயும் ரெண்டு ஆபத்து இருக்கு. ஒன்னு, நோயைக் கண்டறியற டெஸ்ட்டா இருந்தா அமெரிக்காவுல கஷ்டம். கருவுல இருக்கற குழந்தையோட டிஎன்ஏ தாயோட ரத்தத்துல மிதக்குதுன்னு கண்டுபிடிச்சு, அதனால வயித்துல ஊசி போடாம டெஸ்ட் பண்ணலாம்னு காட்டினது டென்னிஸ் லோவும் அவரோட சேர்ந்து வேலை செஞ்சவங்களும். நிஜமாவே பெரிய பங்களிப்பு, கருச்சிதைவு அபாயம் உள்ள டெஸ்ட்ட தவிர்க்க வழி பண்ணுச்சு. அதோட பேட்டன்ட்ட 2015-ல கோர்ட் செல்லாதுன்னுடுச்சு, இயற்கையில இருக்கறத வழக்கமான முறையில பார்த்தீங்க அவ்வளவுதானேன்னு. எனக்கு இந்தத் தீர்ப்பு உடன்பாடு இல்ல, தாயோட ரத்தத்துல மிதக்கற டிஎன்ஏவ அவங்க யாரும் சொந்தம் கொண்டாடல, அத வச்சு முன்னாடி யாரும் செய்யாத ஒன்ன செஞ்சாங்க, அந்த செயலுக்குத்தான் கேட்டாங்க. மிரியட் தீர்ப்பு சரியான இடத்துல கோடு போட்டுச்சு, இது அந்தக் கோட்ட தாண்டி இந்தப் பக்கம் நிக்கறவங்களையும் சேர்த்து தள்ளிடுச்சு. இன்னொரு ஆபத்து, பயன், அளவு, எத்தனை மணி நேரத்துல ஏத்தணும்னு துண்டு துண்டா பேட்டன்ட் சேர்த்து போட்டியாளர தள்ளிப்போடறது. பாக்லிடாக்செல்லயே இது நடந்துச்சு, மருந்த 3 மணி நேரத்துல ஏத்தற முறைக்கு பிரிஸ்டல் மையர்ஸ் வாங்கின பேட்டன்ட்டோட முக்கியமான பகுதிகள 2001-ல கோர்ட் செல்லாதுன்னு சொல்லுச்சு. வேலை செஞ்சதுக்கு மட்டும் கேளுங்கன்னு நான் சொல்றப்ப அதுல "நிஜமா செஞ்ச வேலை"ங்கறதும் அடக்கம்.

ரகசியமா வச்சுக்கற வழியப் பத்தி அதிகம் சொல்ல ஒன்னும் இல்ல. மருந்தா விக்கணும்னா உள்ள என்ன இருக்குன்னு அனுமதி கொடுக்கறவங்ககிட்ட சொல்லியாகணும், சந்தைக்கு வந்த பிறகு யாராவது வாங்கி கருவியில போட்டு அமைப்ப எடுத்துடுவாங்க. தயாரிக்கற முறையில ஒரு நுணுக்கம், கிருமிய வளர்க்கற ஊடகம், இந்த மாதிரிக்கு சரி. ஆனா தகவல பூட்டி வைக்கறதுல ஒரு தனி அநியாயம் இருக்கு, மிரியட் பேட்டன்ட்ட இழந்த பிறகும் எந்த ஜீன் மாற்றம் ஆபத்து, எது ஆபத்தில்லன்னு தன்கிட்ட சேர்ந்திருந்த தகவல பொதுத் தரவுத்தளத்துக்கு கொடுக்காம வச்சுக்கிச்சு, அதெல்லாம் டெஸ்ட்டுக்கு வந்த நோயாளிகளோட ரத்தத்துலருந்து சேர்ந்த தகவல். பேட்டன்ட்டாவது 20 வருஷத்துல முடியும், ரகசியத்துக்கு முடிவு தேதியே கிடையாது.

திறந்து விடறதுலயும் ரெண்டு விதம் இருக்கு, பலரும் இத ஒன்னுன்னே நினைச்சுடறாங்க. வெறுமனே கட்டுரை எழுதி வெளியிட்டா அந்தப் பொருள் பாதுகாப்பா பொதுவுக்கு வந்துடும்னு சொல்ல முடியாது, வேற யாராவது அது மேல ஒரு முறையோ பயனோ கண்டுபிடிச்சு அவங்க பேட்டன்ட் எடுப்பாங்க, மூலப்பொருள கண்டுபிடிச்சவருக்கு அதுல பேச்சே இருக்காது. தாமஸ் பிராக் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுல 1966-ல எடுத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவ எல்லாரும் வாங்கற மாதிரி பொது சேகரிப்புல கொடுத்துட்டாரு. அதோட வெப்பம் தாங்கற என்சைம்தான் பிசிஆரோட, அதாவது டிஎன்ஏவ லேப்ல பல மடங்கு பிரதி எடுக்கற முறையோட, உயிர்நாடி ஆச்சு, ரோஷ் கம்பெனி 1991-ல பிசிஆர் உரிமைகள 300 மில்லியன் டாலருக்கு வாங்குச்சு, யெல்லோஸ்டோன் பூங்காவுக்கு அதுல ஒரு காசு கூட வரல. 1976-லயே ஆலிஸ் சியென் குழு அந்த என்சைம பிரிச்சு வெளியிட்டிருந்தும் பிறகு அதுக்கு ஒரு பேட்டன்ட் கிடைச்சுது, அத கோர்ட் அமல்படுத்த முடியாதுன்னு சொல்ல 1999 ஆச்சு.

இன்னொரு விதம், பேட்டன்ட் எடுத்து அத பொதுநலனுக்காக கையில வச்சுக்கறது. இன்சுலின கண்டுபிடிச்ச குழுவுல இருந்த பான்டிங், பெஸ்ட், காலிப் மூணு பேரும் இன்சுலின் பேட்டன்ட்ட 1923-ல ஆளுக்கு ஒரு டாலருக்கு டொரொன்டோ பல்கலைக்கழகத்துக்கு கொடுத்தாங்க, வேற யாரும் அத மொத்தமா வளைச்சுப் போடாம இருக்கறதுதான் நோக்கம், தரக் கட்டுப்பாடும் பல்கலைக்கழகம் கையில இருந்துச்சு. ஸ்ட்ரெப்டோமைசின்லயும், மண்ணுல கிடைச்ச கிருமியோட மருந்து அது, மெர்க் தனக்கு இருந்த தனி உரிமைய, அந்த மருந்த கண்டுபிடிச்ச குழுவோட தலைவர் வாக்ஸ்மன் கேட்டுக்கிட்டதால விட்டுக்கொடுத்துச்சு, பல கம்பெனிகள் தயாரிச்சு காசநோய்க்கு மருந்து பரவலா போய்ச் சேர்ந்துச்சு. பொருளுக்கு பேட்டன்ட் எடுத்தே ஆகணும்ங்கற நிலை உங்களுக்கு வந்தா இந்த மாதிரி எடுங்க.

இதுக்கெல்லாம் முன்னாடி கேக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கு, அந்தப் பொருள் யார்கிட்ட இருந்து வந்துச்சு. மஞ்சள் காயத்த ஆத்தும்னு 1995-ல அமெரிக்காவுல கொடுத்த பேட்டன்ட்ட இந்தியாவோட அறிவியல் தொழில் ஆராய்ச்சி கவுன்சில் பழைய நூல்கள காட்டி 1997-ல ரத்து பண்ண வச்சது பலருக்குத் தெரியும், வேம்புக்கும் ஐரோப்பாவுல அதே மாதிரி நடந்துச்சு. அதெல்லாம் "ஏற்கனவே தெரிஞ்சது"ங்கற காரணத்துல போனது, "இயற்கையில இருக்கு"ங்கற காரணத்துல இல்ல, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது. ஒரு மக்களுக்கு தெரிஞ்ச அறிவு புத்தகத்துல இல்லன்னா முதல் காரணம் உதவாமலே போயிடலாம். தென்னாப்பிரிக்காவுல சான் மக்கள் வேட்டைக்குப் போறப்ப பசி தெரியாம இருக்க மென்ன ஹூடியா செடியிலருந்து பசியடக்கற பொருள பிரிச்சு அரசு ஆராய்ச்சி அமைப்பு பேட்டன்ட் எடுத்து, லைசென்ஸும் கொடுத்துடுச்சு, சான் மக்களோட ஒப்பந்தம் அதுக்கப்புறம் 2003-லதான் வந்துச்சு, 2008-ல யூனிலீவர் அந்த திட்டத்தையே கைவிட்டுடுச்சு. அகத்தியர் மலை காணி மக்கள் காட்டின ஆரோக்கியப்பச்சை செடி விஷயத்துல, 1995-ல அதுலருந்து செஞ்ச ஜீவனி மருந்துக்கான லைசென்ஸ் தொகையும் ராயல்டியும் சரிபாதி அவங்களுக்குன்னு முடிவாச்சு, அதுல குறைகள் இருந்துச்சு, ஆனா கேக்காம எடுத்துட்டு பிறகு பேசறதுக்கும் முன்னாடியே பங்கு போடறதுக்கும் நிறைய தூரம் இருக்கு.

மனித உடம்புன்னா இன்னும் கவனம் வேணும். ஜான் மூர்ங்கறவரோட மண்ணீரல சிகிச்சைக்காக எடுத்து, அந்த செல்கள்லருந்து ஒரு செல் வரிசைய உருவாக்கி 1984-ல பேட்டன்ட் வாங்கிட்டாங்க, அவருக்கு சொல்லவே இல்ல. 1990-ல கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் வெளிய வந்த செல்கள் மேல அவருக்கு சொத்துரிமை இல்லன்னுச்சு, ஆனா டாக்டர் தன்னோட பண நோக்கத்த முன்னாடியே சொல்லியிருக்கணும்னு சொல்லுச்சு. அந்த ரெண்டாவது பாதிய எல்லா லேப்லயும் சம்மதப் படிவத்துல தெளிவா எழுதணும்.

இப்ப முடிவெடுக்கற இடத்துல நிக்கறவங்களுக்கு. கட்டுரைய முதல்ல வெளியிட்டுட்டு பிறகு பேட்டன்ட் பார்த்துக்கலாம்னு நினைக்காதீங்க, அமெரிக்காவுல ஒரு வருஷ அவகாசம் உண்டு, ஐரோப்பாவுல பொதுவா கிடையாது, மாநாட்டுல ஒரு போஸ்டர் வச்சாலே போச்சு. செடியோ மண்ணோ வேற நாட்டுலருந்து வந்திருந்தா நகோயா உடன்படிக்கை 2014-லருந்து அமல்ல இருக்கு, எடுக்கறதுக்கு முன்னாடியே சம்மதமும் பங்கு ஒப்பந்தமும் எழுத்துல வாங்கி வைங்க. 2024 மே மாசம் உலக அறிவுசார் சொத்து அமைப்புல புது உடன்படிக்கை ஒன்னு நிறைவேறியிருக்கு, செடி, கிருமி மாதிரி மரபணு வளத்த வச்சு பேட்டன்ட் கேட்டா எங்கிருந்து எடுத்தோம்னு விண்ணப்பத்துலயே சொல்லணும்ங்கறது அதோட மையம், எல்லா நாடும் சேர வருஷக்கணக்கு ஆகலாம், நீங்க இப்பவே எழுதிடுங்க. நுண்ணுயிரின்னா புடாபெஸ்ட் உடன்படிக்கைப்படி அங்கீகரிச்ச சேகரிப்புல வச்சிடுங்க.

விண்ணப்பத்துல எடுக்கற முறை புதுசா இருந்தா அது, எந்த நோய்க்கு எந்த அளவுலங்கற பயன், மாத்தி அமைச்ச வடிவம் ஏதாவது கையில இருந்தா அது, இந்த வரிசையில கேளுங்க. ஐரோப்பாவுல சட்டம் பொருளையே கேக்க இடம் கொடுத்தாலும், ஜெர்மனி ஜீனுக்கு வச்ச மாதிரி நீங்களே "இந்தப் பயனுக்கு"ன்னு க்ளெய்முக்குள்ள கட்டுப்பாடு எழுதிக்கங்க, பேட்டன்ட் வக்கீல் அகலமா எழுதலாம்னு சொல்வாரு, அது அவரோட வேலை. லைசென்ஸ் கொடுக்கறப்ப வேற லேப் அந்தப் பொருள ஆராய்ச்சிக்கும், நோயாளிக்கு ரெண்டாவது தடவை டெஸ்ட் சரிபார்க்கறதுக்கும் பணம் கொடுக்காம பயன்படுத்தலாம்னு ஒரு பிரிவு சேர்த்துடுங்க, வாங்கற கம்பெனி அத எடுக்கச் சொல்லி கேக்கும், அங்க மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க.